பதினோரு மணிக் கனவு

பதினோரு மணியானால் கனவு ஊற்றுவார்கள்.

அதற்கென்று மணியோ விளக்கோ கிடையாது. துயில்மனையின் கோடியில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் ஜைனப் ஒரு குமிழைத் திருப்புவாள், அவ்வளவுதான். வரிசையாகக் கிடக்கும் நாற்பத்திரண்டு கட்டில்களிலும் மூடிய இமைகள் நடுங்கத் தொடங்கும். குளத்தின் மேல் காற்று நடந்து போவதைப் போல அந்த நடுக்கம் முதல் கட்டிலில் இறங்கிக் கடைசிக் கட்டில் வரை போகும். வெளியே நல்ல வெயில் அடிக்கும். வேப்பமரத்தடியில் யாராவது டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே நாற்பத்திரண்டு பேர் கோயமுத்தூரின் நேற்றைய கெட்ட கனவுகளைக் கண்டுகொண்டிருப்பார்கள்.

தமயந்தி ஞாயிறுதோறும் இந்த நேரம் பார்த்துத்தான் வருவாள். பதினேழாம் கட்டிலில் அவள் கணவன் செங்கோடன் கிடந்தான். மற்ற நேரங்களில் அவன் முகம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல வெறுமையாக இருக்கும். பதினோரு மணிக்கு மட்டும் அதில் ஏதோ நடமாடும். புருவம் நெறியும். உதடு ஒரு சொல்லைத் தேடும். அதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. உள்ளே இன்னும் ஆள் இருக்கிறார் என்பதற்கு அவளிடம் வேறு அடையாளம் இல்லை.

ஊரில் பாதிப் பேருக்குக் காதுக்குப் பின்னால் வடிதகடு இருந்தது. அவளுக்கும் இருந்தது. நெற்றிப் பொட்டு அளவுத் தகடு. தூக்கத்தில் கெட்ட கனவு முளைவிட்டதும் அதை உறிஞ்சிக் கனவுக்கலத்துக்கு அனுப்பிவிடும். தூங்குபவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். ஆனால் கனவை அழிக்க முடியாது என்று ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். தொடங்கிய கனவு ஏதாவது ஒரு மூளையில் ஓடி முடிந்தாக வேண்டும். இல்லையென்றால் மறுநாள் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அப்போதுதான் யாருக்கோ ஆழ்துயிலில் கிடப்பவர்களின் ஞாபகம் வந்தது. விபத்திலோ நோயிலோ நினைவு தப்பி, ஆண்டுக்கணக்கில் கண் திறக்காதவர்கள். அவர்களுக்குள் ஊற்றினால் கனவு சத்தமில்லாமல் ஓடி முடிந்தது. சும்மா கிடந்து சுருங்கிப்போகும் மூளைக்கு அது நல்ல பயிற்சியாகவும் இருந்தது. மருத்துவர்கள் அவர்களை ஏற்பிகள் என்றார்கள். ஊர் அவர்களைச் சுமைதாங்கி என்றது.

செங்கோடனைச் சுமைதாங்கியாக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் தமயந்திதான்.

நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் இருவரும் கோபியில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலையில் பெய்த மழை ஊசிப்பள்ளம் ஓடையில் இறங்கித் தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு ஓடியது. கணுக்கால் அளவுதானே என்று செங்கோடன் வண்டியை விட்டான். நடுப்பாலத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. வண்டி போயிற்று. தமயந்தி இடது கையால் பாலத்து ஓரக் காப்புக்கல்லைக் கட்டிக்கொண்டு வலது கையால் அவன் கையைப் பிடித்திருந்தாள். அடித்துக்கொண்டு வந்த ஒரு மரம் அவள் வலது முழங்கையில் மோதியது. எலும்பு இரண்டாயிற்று. பிடித்த கை தானாகத் துவண்டது. அவன் போனான். பதினொரு நிமிடம் கழித்து நாணல் புதரிலிருந்து அவனைத் தூக்கினார்கள். நெஞ்சு மறுபடி துடித்தது. நினைவு மட்டும் வரவில்லை.

அதன் பிறகு தமயந்திக்குப் பொட்டுத் தூக்கமில்லாமல் போயிற்று. கண்ணை மூடினால் ஒரே கனவு. பம்பு கம்பெனியில் அவளுக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஓடும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங்கில் தேய்மானம் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காது கெட்டது. எல்லா மோட்டாரும் தண்ணீரைப் போலவே சத்தம் போட்டன. ஆறாவது மாதம் தகடு வைத்துக்கொண்டாள். அன்றிரவு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். கொஞ்ச நாளில் கனவு மட்டுமல்ல, என்ன கனவு கண்டோம் என்பதே மறந்துபோயிற்று. தண்ணீர் வரும் என்பதுவரை நினைவிருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

இப்படி மூன்று வருடம் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஜைனப் போன் செய்தாள்.

"அக்கா, அண்ணன் மணி என்னன்னு கேட்டாருக்கா."

தமயந்திக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த அண்ணன்?" என்று கேட்டுவிட்டாள்.

ஆழ்துயிலிலிருந்து அப்படித் திரும்பி வந்த முதல் ஆள் செங்கோடன். கனவுகள் அவன் மூளையை உழுது உழுது உயிர்ப்பித்துவிட்டன என்றார் டாக்டர் வேதமூர்த்தி. அவர் துயில்மனையின் தலைமை மருத்துவர். சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் மற்ற எல்லோரும் போன பிறகு அவர் செங்கோடன் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டது தமயந்தியின் காதில் விழுந்தது.

"யாரோட கனவாவது ஞாபகம் இருக்குங்களா? குறிப்பா, ஒரு வக்கீல் குமாஸ்தா, ஒரு மாடிப்படி… அப்படி ஏதாவது?"

"இல்லீங்க" என்றான் செங்கோடன். "தண்ணிதான்."

டாக்டர் நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் காதுக்குப் பின்னாலும் தகடு இருந்தது.

தமயந்தி கட்டில் ஓரம் உட்கார்ந்து கணவனின் கையைத் தொடப் போனாள். அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

கூச்சம் என்று நினைத்தாள். அவன் எல்லாவற்றையும் விசாரித்தான். அவன் வைத்திருந்த நாற்றுப்பண்ணையை யார் பார்க்கிறார்கள், ஒட்டு கட்டிய மாங்கன்றுகள் பிழைத்தனவா, வீட்டுக்கு யார் வெள்ளையடித்தது. மரியாதையாகப் பேசினான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுவதைப் போல. அவள் கஞ்சி எடுத்தால் வாயை மூடிக்கொண்டான். நர்ஸ் ஊட்டினால் குடித்தான். அவள் தண்ணீர்க் குவளையை எடுத்தாலே அவன் கழுத்து நரம்பு எழுந்து நின்றது.

ஐந்தாம் நாள் அவள் கேட்டாள். "என்மேல என்னங்க கோவம்?"

"கோவம் இல்லை."

"அப்புறம்?"

"பயமா இருக்கு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீ ஏன் தமயந்தி கையை விட்டே?"

"நானா? மரம் வந்து அடிச்சுதுங்க. பாருங்க." சேலைத் தலைப்பை விலக்கி முழங்கைத் தழும்பைக் காட்டினாள். முதல் முறை பார்ப்பவனைப் போல அவன் அதைப் பார்த்தான்.

"மரமெல்லாம் ஒண்ணும் வரலை. மழையே இல்லை அன்னைக்கு. தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. நீ சுண்டுவிரலை முதல்ல எடுத்தே. அப்புறம் மோதிரவிரல். இன்னும் எத்தனை இருக்குன்னு கேட்டேன். மூணுன்னு சொன்னே. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர்ற மாதிரி."

தமயந்தி சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அவளுக்குள் எதுவும் அசையவில்லை. யாரோ எங்கோ செய்ததைக் கேட்பதைப் போலத்தான் இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆயிரம் தடவை பார்த்தேன்" என்றான். "விட்டதும் உனக்கு நிம்மதியா இருந்துச்சு. ரொம்ப நேரம் சுமந்த குடத்தை இறக்கி வெச்சாப்ல கை லேசாச்சு. அதும் எனக்குத் தெரியும்."

"என்ற கை லேசானது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவன் யோசித்தான். "தெரியலை. ஆனா தெரியும். என்ற மூஞ்சி தண்ணிக்குள்ள போறதையும் பார்த்தனே. வாய் திறந்து கிடந்துச்சு."

தண்ணீரில் போகிறவன் தன் முகத்தைத் தானே எப்படிப் பார்ப்பான்? தமயந்தி எழுந்து நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள்.

ஜைனப் திரையில் எண்களை ஓடவிட்டாள். முப்பது வயதுக்காரி. கனவுக்கலத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கலத்துக்கு வரும் கனவை யாருக்கு ஊற்றுவது என்று இயந்திரமே பார்க்கும். எந்த மூளையில் அது தடங்கலில்லாமல் ஓடுமோ அங்கே அனுப்பும். கனவில் வரும் இடமும் மனிதரும் ஏற்கெனவே பழகிய மூளை என்றால் இன்னும் நல்லது.

"உங்க கனவு எல்லாமே பதினேழுக்குத்தான் போயிருக்குக்கா" என்றாள். "ஒண்ணுகூட மாறலை. பொருத்தம் நூத்துக்குத் தொண்ணூத்தாறு."

"கல்யாணத்துக்குப் பார்த்தப்பகூட அவ்வளவு வரலை கண்ணு" என்றாள் தமயந்தி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஜைனப் சிரிக்கவில்லை. "நமக்குக் கெட்ட கனவு வந்தா கத்திட்டு எந்திரிச்சுடறோம். பாதியில அறுந்து போயிடுது. அதனாலதான் விடிஞ்சதும் மறக்குது. அவங்களால எந்திரிக்க முடியாதுல்லக்கா. கடைசிவரைக்கும் பார்த்தாகணும். முழுசா முடிஞ்ச கனவு நினைவாத் தங்கிடுமாம். எந்திரிக்கவே போறதில்லைன்னுதான் அதை யாரும் பெருசா எடுத்துக்கலை."

இருவரும் சேர்ந்து செங்கோடனிடம் சொன்னார்கள். நீங்கள் கண்டது நடந்ததல்ல, உங்கள் மனைவி கண்ட கனவு என்றார்கள். தகட்டைக் காட்டினார்கள். முழங்கையை எடுத்த பழைய எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்கள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். நிலம் அளக்க வந்தவர்களிடம் தலையாட்டுவதைப் போல ஆட்டினான்.

"சரி, கனவாவே இருக்கட்டும்" என்றான். "மனசுல இல்லாததா கனவா வரும்?"

அந்தக் கனவைப் பற்றித் தமயந்திக்கு ஒன்றுமே தெரியாது. அவளிடமிருந்து வந்த ஒன்று அவனிடம் முழுதாக இருந்தது. அவளிடம் அது இருந்த இடம் பெருக்கித் துடைத்த அறையாகக் கிடந்தது. அந்தச் சுத்தம் அன்றுதான் முதல் முறையாக அவளை உறுத்தியது.

மறுநாள் காலை ஜைனப்பிடம் கேட்டாள். "நேத்து ராத்திரி என்கிட்டருந்து எடுத்தது கலத்துல இருக்குமில்ல? அதை எனக்கே ஊத்து."

"வேண்டாம்கா. முழுசாப் பார்க்கணும்னா ஊசி போடணும். நடுவுல எந்திரிக்க முடியாது. அப்புறம் அது உங்க நினைவாயிடும். திருப்பி எடுக்க எங்ககிட்ட எதுவும் இல்லை."

"அவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாம அவர்கூட எப்படிக் குடித்தனம் பண்றது?"

பதினேழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டார்கள். செங்கோடன் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்கு ஜைனப் குமிழைத் திருப்பினாள்.

மழை இல்லை. முதலில் அதைத்தான் கவனித்தாள். அவன் சொன்னது சரி. பாலம் இருந்தது. ஆனால் இரண்டு கரையும் தெரியாத அளவு நீண்டு, லேசாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் மஞ்சள் கரைத்த நிறத்தில், சத்தமே இல்லாமல், இடுப்பைச் சுற்றிப் போயிற்று. கரை இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனி மோட்டார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஓடின. ஒன்றிலும் சத்தமில்லை. கல்யாண வீட்டு வாசனை வந்தது, சாம்பிராணியும் சந்தனமும். அவள் கையில் அவன் கை இருந்தது. கனமாக இருந்தது. கையைப் போலவே இல்லை, ஒரு வீட்டைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் போல இருந்தது. அவன் சிரித்த முகமாகக் கேட்டான், "இன்னும் எத்தனை இருக்கு?" குனிந்து பார்த்தாள். இரண்டு விரல் ஏற்கெனவே எடுத்திருந்தாள். "மூணு" என்றாள். தன் குரலில் இருந்த பரிவு அவளுக்கே இதமாக இருந்தது. நடுவிரலை எடுத்தாள். "இப்ப?" "ரெண்டு." சின்னக் குழந்தையைத் தூங்கவைக்கும் பக்குவத்தோடு ஆட்காட்டி விரலை விலக்கினாள். கட்டைவிரல் மட்டும் நின்றது. அதை எடுக்க வேண்டாம் என்று யாரோ தூரத்தில், வெயிலில், கத்திக்கொண்டிருந்தார்கள். எடுத்தாள். கை லேசாயிற்று. உடம்பு முழுக்க ஒரு குளிர்ந்த நிம்மதி ஏறியது. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவள் இருந்ததே இல்லை. அவன் முகம் தண்ணீருக்கடியில் மெதுவாக விலகிப் போனது. வாய் திறந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கனவு முடியவில்லை. அவன் முகம் ஒரு புளியங்கொட்டை அளவாகும்வரை, அதன் பிறகும், அந்த நிம்மதியோடு நின்று பார்த்தாள்.

விழித்தபோது கூடத்தில் வேறு யாரோ அலறினார்கள். அது தான்தான் என்று தெரியக் கொஞ்ச நேரமாயிற்று.

செங்கோடன் தன் கட்டிலில் இல்லை. தரையில் கிடந்தான். நடக்கப் பழகாத கால்களை இழுத்துக்கொண்டு அவள் கட்டில்வரை வந்திருந்தான். ஜைனப் மறுபக்கம் நின்றாள். இருவரும் அவள் வலது கையைப் பிடித்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள்.

"விடுக்கா" என்றாள் ஜைனப். "முடிஞ்சுபோச்சுக்கா, விடுங்க."

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். அவள் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. ஐந்து விரலும் கம்பியில் புதைந்து நகம் நீலம் பாரித்திருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அந்தக் கையில் அவளுக்கு உணர்ச்சியே இல்லை.

"அரை மணி நேரமா இப்படித்தான்" என்றான் செங்கோடன். அவனுக்கு மூச்சிரைத்தது. "நாங்க ரெண்டு பேர் சேர்ந்து ஒரு விரலைக்கூட எடுக்க முடியலை. தமயந்தி, நீ விடவே இல்லை." அவன் அழுதுகொண்டிருந்தான். "உள்ள என்ன வேணா ஓடட்டும். கை விடலையே. நான் பார்த்தேன்."

கம்பியிலிருந்து மெல்லத் தளர்ந்த அவள் கையை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினான். கண் விழித்த நாளிலிருந்து அன்றுதான் அவளை அவன் தொட்டான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். தண்ணீருக்கடியில் பார்த்த அதே முகம். "விட்டேங்க" என்றாள். "நீங்க சொன்னது நிசம். எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"அது கனவு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை. வெள்ளம் வந்த அந்த நாளிலிருந்து அவனுக்கென்று மிஞ்சியிருந்தது அவள் கனவு மட்டும்தான். ஊற்றிய கனவு நினைவாகத் தங்கிவிட்டதால் இப்போது அவளுக்கும் அதுதான். முறிந்த எலும்பு எக்ஸ்ரே படத்தில் இருந்தது. மழையும் மரமும் யாரோ சொல்லக் கேட்ட செய்தியாக இருந்தன.

"விடலை" என்றான் மறுபடியும், அழுத்தமாக.

சுமைதாங்கி ஒருவர் எழுந்துவிட்டார், கண்ட கனவு அவருக்கு நினைவிருக்கிறது என்ற செய்தி ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பரவியது. மற்ற நாற்பத்தோரு பேரும் எழுந்துவிடுவார்கள் என்று மகிழ்ந்த குடும்பங்கள் இருந்தன. அதைவிட நீளமாக இருந்தது வாசலில் நின்ற இன்னொரு வரிசை. தங்கள் கனவு எந்தக் கட்டிலுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். வேறு மாவட்டத்துக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். ஒருவர், பொழுது போகாதவர் போலப் பேச்சுவாக்கில், அந்தக் கட்டிலில் இருப்பவர் எழாமல் இருக்க வழியுண்டா என்று விசாரித்தார். டாக்டர் வேதமூர்த்தி தன் தகட்டைக் கழற்றிவிட்டார் என்றும் கண் சிவந்து திரிகிறார் என்றும் ஜைனப் சொன்னாள்.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று ஜைனப் இருவருக்கும் புதுத் தகடு எடுத்து வைத்திருந்தாள். தமயந்தி அதைத் தொடவில்லை; பழையதையும் கழற்றி வைத்தாள். "இதுல போற கனவு யார் தலையில போய் இறங்கும்?" என்று கேட்டாள். பொருத்தம் பார்த்து இயந்திரம் அனுப்பும் என்றாள் ஜைனப். செங்கோடன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நாங்களே வெச்சுக்கறோம்" என்றான்.

வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடியும் நேரத்தில், இருவரில் ஒருவர் கத்திக்கொண்டு எழுவார். அவள் எழுந்தால் அவன் விளக்கைப் போட்டு, "விடலை" என்பான். அவன் எழுந்தால் அவள் அவன் நெஞ்சைத் தடவி, "விடலீங்க, மரம் வந்து அடிச்சுது" என்பாள். கனவு காணாதவர் அன்றைக்கு நம்புகிறவர். சொல்லும்போது அவள் குரல் தடுமாறியதே இல்லை. தான் எழும் நாளில் மட்டும் அந்தப் பேச்சு அவளுக்கு உதவவில்லை. ஆனால் அவன் சொல்லக் கேட்டுக்கொண்டே, பல் துலக்கி, பஸ் பிடித்து வேலைக்குப் போகும் அளவுக்குப் பழகிக்கொண்டாள். நாற்றுப்பண்ணையில் அவன் மறுபடி மாங்கன்று ஒட்டுக் கட்டத் தொடங்கினான்.

தை மாதத்தில் ஒரு நாள் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒரே நொடியில், ஒரே அலறலில். பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். சன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. கட்டிலின் இரண்டு பக்கமும் கால் தொங்கவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் அந்த லேசு இன்னும் இருந்தது. விடவில்லை என்று சொல்ல அன்றைக்கு வீட்டில் ஆளில்லை.

செங்கோடன் கால்விரலால் தரையில் செருப்பைத் தேடினான்.

பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கத்தி ஓய்ந்தது.

"நான் விடலை" என்றாள் தமயந்தி.

அந்த வார்த்தையை அவள் தனக்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நிசமா பொய்யா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்ன பிறகும் தெரியவில்லை. அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"சரி" என்றான்.